ஆசிட் அண்ணனுக்கு அம்மை வந்த கதை

மதுரைச் சீமையில் தன் முகத்தைத் தானே உரித்துக்கொண்ட முதல் மனிதர் ஆசிட் அண்ணன்தான். இரண்டாவது ஆள் கிளம்பியதாக இன்றுவரை தகவல் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழக விடுதியில் அவர் என் அறைத்தோழர். வேதியியல் ஆராய்ச்சி மாணவர். நான் பொருளாதாரம். ஒரு மனிதரைப் பார்த்தால் அண்ணன் ஊர், பேர் கேட்கமாட்டார், தோலைத்தான் பார்ப்பார். "எண்ணெய் வழியுதே மாப்ள, வடை தின்னியோ?" என்பதுதான் அவருடைய வணக்கம். சட்டைப் பையில் எப்போதும் நீல லிட்மஸ் தாள் இருக்கும். வியர்த்த கன்னம் கண்ணில் பட்டால் போதும், ஒட்டிப் பார்ப்பார். தாள் சிவந்தால் அமிலம் என்று திருப்தியோடு தலையாட்டுவார். ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டரின் கன்னத்திலேயே ஒட்டிவிட்டார்.

"யோவ், டிக்கெட்ட என் மூஞ்சியிலயா ஒட்டுற?"

"அசையாதீங்கண்ணே. இம்புட்டு ஆசிட்ட வச்சுக்கிட்டு எப்படிண்ணே நிம்மதியா விசில் ஊதுறீங்க?"

மீதி வழியை நாங்கள் இருவரும் நடந்தே வந்தோம்.

யார் கையிலாவது சாமி கயிறு இருந்தால் அதோடு தொலைந்தான். "இதுல என்ன கெமிக்கல் இருக்கு, சொல்லு" என்று தட்டில் சோறு காயும்வரை வாதாடுவார்.

இத்தனை பேசியவரின் முகம் முழுக்கப் பரு. கன்னம் உழுது போட்ட வயல் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பெண் வீட்டார் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, சோழவந்தான் பெண். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்து மயங்கியிருந்தார். "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் கட்டைப் பிரம்மச்சாரிதான் மாப்ள" என்றார். பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது.

சாலிசிலிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் மேல்தோல் உரிந்து புதுத்தோல் வரும் என்று எங்கோ படித்திருந்தார். ஆனால் நேரத்துக்குக் கழுவிவிட வேண்டும். கண்ணை மூடிப் படுத்திருப்பவர் கடிகாரம் பார்க்க முடியாதே! அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். வாளித் தண்ணீரும் கைக்கடிகாரமும் என் பக்கம் இருந்தன. கெட்ட நேரம், டிரான்சிஸ்டரும் என் பக்கம்தான் இருந்தது. சென்னையில் டெஸ்ட் மேட்ச். கடைசி விக்கெட் விழுவேனா என்றது.

"எரியுது மாப்ள."

"எரியட்டும்ணே."

"நேரம் ஆச்சா?"

"இன்னும் இருக்குண்ணே."

கடிகாரத்தைப் பார்க்காமலேதான் சொன்னேன். பார்த்தபோது, தண்ணீர் ஊற்ற வேண்டிய வேளை எப்போதோ தாண்டியிருந்தது.

மறுநாள் அவர் முகம் சுட்ட கத்திரிக்காய். அதற்கும் மறுநாள் கன்னமெல்லாம் கொப்புளம். அலங்காநல்லூர் பக்கம் அவருடைய ஊருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். வாசலில் மகனைப் பார்த்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாரியாத்தா! எம்புள்ள மேலயா எறங்கிட்ட தாயீ!"

அடுத்த நிமிடம் நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது. அண்ணன் வாழையிலையில் கிடத்தப்பட்டார். அம்மை கண்ட வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்குக் கிளம்பக்கூடாது என்பதால், பெண் பார்க்கப் போவதும் நின்றது.

விளக்கம் சொல்ல அண்ணன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"உண்மையச் சொல்லிரலாம்ணே" என்று கிசுகிசுத்தேன்.

"சொன்னா, 'கூட இருந்தவன் என்ன பண்ணான்'னு எங்கம்மா கேக்கும். அப்பறம் நீ இந்த வாசலை மிதிக்க முடியாது. பேசாம கூழைக் குடி."

வேப்பிலையில் என்ன கெமிக்கல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அடங்கிக் கிடந்தார். அவர் அம்மாவோ, "எம்புள்ளைய கூடவே இருந்து பாத்துக்கிட்ட மகராசன்" என்று என் சொம்பில் மறுபடியும் கூழ் ஊற்றினார்.  அதையும் குடித்தேன்.

பங்குனியில் அந்தத் தாய் நேர்த்திக்கடனாகத் தீச்சட்டி ஏந்தினார். கொதிக்கிற தார் ரோட்டில் அவர் பாதத்துக்கு முன்னால் அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். நானும் ஊற்றினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மை தெரியாமலே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். செய்த தப்புகள் எத்தனையோ இருக்க, இந்த வயதில் என்னை உறுத்துவது இது ஒன்றுதான்.

சோழவந்தான் சம்பந்தம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? விஷயம் கேள்விப்பட்ட பெண்ணின் அப்பா, "ஆத்தாளே நேர்ல வந்து பாத்துட்டுப் போன மாப்ளைய நாம வேற என்னத்தப் பாக்குறது?" என்று முகத்தைப் பார்க்காமலே தேதி குறித்துவிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மதினி, அண்ணனின் கண்ணுக்குக் கீழே இருந்த தழும்பைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது ஆத்தா வச்ச முத்து" என்பார். நான் இலையை விட்டு நிமிரமாட்டேன்.

அண்ணன் மட்டும் என் பக்கம் கையைக் காட்டி, "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்து" என்பார்.