ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

செய்த தப்பை ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்பார்கள். நான் இதுவரை நான்கு தடவை ஒப்புக்கொண்டுவிட்டேன், லேசாகவில்லை. வீட்டில் ஒருத்தராவது நம்பினால்தானே! வாய்ப்பேச்சு எடுபடாததால் எழுதியே வைத்துவிடுகிறேன்: என் அக்கா மாலாவின் கல்யாணத்தில் நடந்த கூத்துக்கு நைனா காரணம் இல்லை. நான்தான்.

நைனா, அதாவது என் அப்பா, கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்தவர். சுரங்கத்தை மூடியதும் நாங்கள் பெங்களூரு ஜீவனஹள்ளிக்கு வந்தோம். கூட வேலை செய்தவர்களும் சொந்தக்காரர்களும் ஒக்கலிபுரம், ஹெப்பகோடி, ஓசூர் என்று ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். யார் எங்கே போனாலும் நைனா விசாரித்து, விலாசத்தை ஒரு பழுப்பு நோட்டில் எழுதிக்கொள்வார். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை அனுப்ப அந்த நோட்டுதான் ஆதாரம்.

அப்போது நான் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் பொருத்தியிருந்தேன். (ஆறு மாதம் படித்தவனுக்கு இருக்கிற திமிர் ஆறு வருஷம் படித்தவனுக்கு இருக்காது.) நைனாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் படிக்கப் படிக்க முந்நூற்றுச் சொச்சம் விலாசங்களைத் தட்டினேன். முடித்த கையோடு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். (ஆமாம். என் கையால்தான்.)

நைனா பதறிப்போனார். "டேய், பொட்டி கெட்டுப் போச்சின்னா இன்னாடா பண்றது?"

"பேக்கப் கீது நைனா."

"அப்டின்னா?"

"இன்னொரு காப்பி. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்."

"அதுக்குத்தானடா நோட்டு இருந்திச்சி!"



ஆனால் பேக்கப் விஷயத்தில் நான் கறார். சனிக்கிழமை தவறாமல், ஒன்றல்ல, மூன்று ஃபிளாப்பிகளில் எடுப்பேன். திரையில் அந்தப் பட்டியலின் பெயர் போட்ட ஒரு சின்னப் படம் இருக்கும். அதை ஃபிளாப்பிக்கு அனுப்பினால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மற்றவர்கள் ஃபிளாப்பியில் ஏற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறார்களே, நமக்கு மட்டும் எப்படி என்று ஒரு கழுதைகூட யோசித்திருக்கும். நானோ மெஷின் அவ்வளவு வேகம் என்று பூரித்துப்போனேன். சோதித்தும் பார்த்தேன். ஃபிளாப்பியைப் போட்டுத் தட்டினால் முந்நூறு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

ஆயுத பூஜை வந்தது. நைனாவுக்குத் தீபாவளியெல்லாம் அதற்கு அப்புறம்தான். சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட மனிதர், வீட்டில் சும்மா இருப்பாரா? அருவாமனைக்குப் பொட்டு, அக்காவின் தையல் மெஷினுக்குப் பொட்டு, என் மானிட்டருக்குச் சாமந்தி மாலை. நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஃபிளாப்பி டப்பாவை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரமே கம்ப்யூட்டரில் வைரஸ். கூடப் படித்த மஞ்சு வந்தான்.

"மச்சா, ஃபார்மட் பண்ணா எல்லாம் போயிடும். பேக்கப் இதெயா?"

"மூணு கீது" என்றேன், ராஜா மாதிரி.

எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டு, முதல் ஃபிளாப்பியை எடுத்தேன். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தகர மூடியைத் தள்ளினேன். நடு ஓட்டை வழியாக உள்ளேயும் சந்தனம் இறங்கியிருந்தது. இரண்டாவது ஃபிளாப்பியும் அதே மங்களத்தோடு இருந்தது.

நான் போட்ட கத்தலில் நைனா ஓடி வந்தார். "நீதானடா சொன்னே, முந்நூறு குடும்பம் இதுக்குள்ள கீதுன்னு? அதான் ஒரு பொட்டுக்கு ரெண்டா வெச்சேன்."

"எதைத்தான் உட்டு வெப்பே நீ? அக்கா கல்யாணத்தையே அழிச்சிட்டியே நைனா!"

அச்சடித்த பத்திரிகைகள் கட்டுக்கட்டாக மூலையில் கிடந்தன. கல்யாணத்துக்கு மூன்று வாரம். அக்கா அழ ஆரம்பித்தாள். நைனா தோள் துண்டால் ஃபிளாப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதற்குச் சந்தனம் தீர்ந்துபோயிருக்க வேண்டும், வெறும் பூ மட்டும் இருந்தது. அதைப் போட்டேன். கம்ப்யூட்டர் ஒழுங்காகப் படித்தது. படித்துவிட்டு, ஃபைலைக் காணோம் என்றது.

மஞ்சு எட்டிப் பார்த்தான். "மச்சா, இதுல ஃபைலே இல்ல. ஷார்ட்கட்டைத்தான் காப்பி பண்ணிருக்கே. ஊர் பேர் போட்ட போர்டைப் பிடுங்கிப் பத்திரமா வெச்சிருக்கே. ஊரை ஃபார்மட் பண்ணிட்டே."

மூன்று ஃபிளாப்பியிலும் அதே போர்டுதான். சோதித்தபோதெல்லாம் பட்டியல் கம்ப்யூட்டருக்குள்ளிருந்துதான் திறந்திருக்கிறது. சந்தனமே வைக்காவிட்டாலும் ஒரு விலாசம்கூட மிஞ்சியிருக்காது. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், "மஞ்சு, வெளியில சொல்லாதடா" என்பதற்காக.

மறுநாள் நைனா பத்திரிகைக் கட்டோடு கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் போனார். தங்கவயலில் பாதி ஊர் காலை ரயிலேறித்தான் பெங்களூருக்கு வேலைக்கு வரும். பத்து நாள் அந்த பிளாட்பாரத்தில் நின்றார்.

"இது உனுக்கு. இது பக்கத்து வூட்டு முருகேசனுக்கு. அவன் மச்சான் ஹெப்பகோடியில கீறான் பாரு, அவனுக்கும் சேத்துக் குட்த்துடு."

தபாலில் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சந்தனக் கதையைச் சொன்னார். பத்திரிகைக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரே, "ஃபிளாப்பிக்குப் பொட்டு வெச்சவரு யாருங்க?" என்று தேடி வந்து நைனாவைப் பார்த்தார்கள். ஒருத்தரைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள்.

அந்த ஒருத்தர் ஏசுதாஸ் மாமா. இருபது வருஷம் நைனாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவர். மகனோடு மைசூர் பக்கம் போய்விட்டதால் அந்த ரயிலில் வருகிறவர் இல்லை. ஒரு மாதம் கழித்து அக்காவுக்குச் சேலையோடு வந்து நின்றார்.

"ஒரே கூண்டுல எறங்கி ஒரே கூண்டுல ஏறினோம். எனுக்கு ஒரு பத்திரிகை இல்லியாப்பா?"

"தப்பு என்னுதுதான். சந்தனம் வெச்சிட்டேன்" என்றார் நைனா, தலையைக் குனிந்துகொண்டு.

காபி தம்ளரோடு நின்ற எனக்கு என்மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. வந்து என்ன பயன்? காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

உண்மையைச் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது. அக்கா மகளின் பிறந்தநாளுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, ஷார்ட்கட் முதல் மஞ்சு வரை ஒன்று விடாமல் சொன்னேன். ஏசுதாஸ் மாமா எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

"பெத்த அப்பனை விட்டுக்குடுக்காம பேசறான் பாரு. புள்ளைன்னா இப்டி இருக்கணும்."

எல்லாரும் ஆமோதித்தார்கள். எனக்கு நல்ல பெயர்! அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை முயன்றேன், பெயர் ஏறிக்கொண்டே போகிறது. நைனாவே சொல்லிவிட்டார்: "உடுடா. நான்தான் சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியா கொழைச்சிட்டேன்."

இப்போதும் வீட்டுக்குப் புது போன் வந்தால், "தாத்தா கண்ணுல காட்டாதீங்க" என்று அக்கா மகள் அதை ஒளித்து வைப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நைனாவும்தான். போன ஆயுத பூஜையன்று அவர் சந்தனக் கிண்ணத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. பேக்கப்புக்கென்று நான் வாங்கி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை அங்கிருந்தே காட்டிக் கேட்டார்:

"டேய், இதுல ஓட்டை இல்லாத பக்கம் எதுடா?"