கோடியில் மிஞ்சிய ஒன்று

மறுபடியும் ஒன்று மிஞ்சியது.

வெங்கிடேஸ்வரன் சிலேட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து வகுத்தார். மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவருக்கு வகுத்தல் வெற்றிலை போடுகிற மாதிரி. ஆனால் காலையிலிருந்து நாலு தடவை போட்டாயிற்று. ஒரு கோடியை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று. மிச்சம் ஒன்று.

விஷயம் இதுதான். அவருடைய அம்மா காமாக்ஷி, கண் ஆபரேஷனுக்குப் போகிற அன்று சுவாமி விளக்கின் முன் நின்று வேண்டிக்கொண்டாள். பார்வை திரும்பினால் தன் மாட்டுப்பெண்கள் எல்லோருமாக ராமநாமம் ஒரு கோடி எழுதுவார்கள். ஒருத்திக்கு ஒன்று கூடவோ குறையவோ கூடாது. பார்வை திரும்பிவிட்டது. நோட்டுப் புத்தகங்களும் வந்துவிட்டன. விளக்கின் முன் சொன்ன சொல்லை அந்த வீட்டில் யாரும் மாற்றியதில்லை.

மிஞ்சிய ஒன்றைத் தானே எழுதிவிடுவதாக மூத்தவள் கமலாக்ஷி சொன்னாள். கோடியைப் பூர்த்தி செய்த புண்ணியம் மன்னிக்கு, விரல் காய்த்துப்போவது மட்டும் எங்களுக்கா என்று இரண்டாமவள் கங்கா கேட்டாள். ஆளுக்கு ஓர் எழுத்தாக எழுதலாமே என்றாள் மூன்றாமவள் விசாலம். 'ராம' என்பதில் எழுத்து இரண்டு, பெண்கள் மூன்று. அதோடு அடுப்பங்கரையில் பேச்சே நின்றது. காப்பியும் வரவில்லை.

கோடியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வெங்கிடேஸ்வரன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"நான் ஒரு நாமத்தைக் கொறச்சு, பகவான் ஒரு கண்ணைக் கொறச்சுட்டா எந்தாடா செய்யறது?"

சரி, இரண்டைக் கூட்டுவோம் என்றார். அப்போது அது கோடி இல்லையே என்றாள். கடைசியில் அவர், கோடிதான் அடங்கவில்லை, பத்து கோடி அடங்குமோ என்னவோ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்தது. மாட்டுப்பெண்கள் மூவரின் முகமும் வெளுத்தது. பலப்பம் ஓடியது. மூன்று, மூன்று, மூன்று, கடைசியில் ஒன்று. பெண்கள் மூச்சுவிட்டார்கள்.

"இன்னொரு பூஜ்யம் போடு, வெங்கிட்டு," என்றாள் அம்மா.

நூறு கோடி. ஒன்று. ஆயிரம் கோடி. ஒன்று. சிலேட்டு தீர்ந்ததும் அவர் தரையில் இறங்கினார். எரிச்சல் எப்போது போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. பத்தில் ஒன்பதை மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஒன்று நிற்கிறது. அந்த ஒன்று அடுத்த பூஜ்யத்தோடு சேர்ந்து பத்தாகிறது. மறுபடி ஒன்பது போய் ஒன்று. வாசலைத் தாண்டி, கப்பல் நிற்கிற காயலைத் தாண்டி, கடல் முடிகிற இடம் வரைக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனாலும் அந்த ஒன்று கரையாது. இருபது வருஷம் கணக்கெழுதியும் இதை அவர் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்தது. தரையில் கிடந்த எண்ணைக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டார். பெண்களும் சண்டையை மறந்து, பூஜ்யங்களை மிதிக்காமல் சுற்றி நின்றார்கள்.

"யாருக்கோ எடுத்து வச்ச மாதிரின்னா இருக்கு," என்றாள் கமலாக்ஷி மெதுவாக.

வெங்கிடேஸ்வரன் நிமிர்ந்தார். "மூணுக்குத்தான் அடங்க மாட்டேங்கறது. நாலு பேர்னா ஆளுக்கு இருபத்தஞ்சு லட்சம். ஒண்ணும் மிஞ்சாது."

எல்லோரும் அப்புவைப் பார்த்தார்கள். வீட்டின் கடைக்குட்டி, களமசேரி ஃபாக்டரியில் வேலை, முப்பது வயசு. வந்த ஜாதகத்தையெல்லாம் தட்டிக்கழிக்கிறவன். காப்பி வராததால் மூலையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா விளக்கின் முன்னால் போய் நின்றாள். நாலாவது மாட்டுப்பெண் வந்தால் போதும். என்ன ஜாதி, என்ன பாஷை, யார் வீட்டுப் பெண் என்று தான் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை என்று உரக்கச் சொன்னாள்.

அப்பு கை கழுவிவிட்டு வந்து அவள் காலில் விழுந்தான்.

"ஸ்வர்ணலதா சுள்ளிக்கல்லுல இருக்கா, அம்மா. எங்களுக்கு ரெஜிஸ்டர் கல்யாணம் ஆகி வருஷம் ஒண்ணாச்சு. நீ வேண்டிண்ட அன்னிக்கே தன் இருபத்தஞ்சு லட்சத்தை எழுத ஆரம்பிச்சுட்டா."