இராகுகாலத்துக்கு முன் ஒரு கமரா

கமரா வயரின் முனை உள்ளே போக மறுத்தது. கதிர்காமநாதன் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், "போ ராசா" என்று கெஞ்சியும் பார்த்தார். கொம்பியூட்டரின் முன்பக்கத்து இரண்டு யூ.எஸ்.பி. ஓட்டைகளும் இடம் தரவில்லை. பின்பக்கத்து ஓட்டைகள் வைகாசி மாதத்து இடியோடு போய்ச் சேர்ந்தவை.

"சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் நல்லா வேலை செய்ததப்பா," என்றாள் மகள் கௌரி.

அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். ஓட்டைகளுக்குள் மஞ்சளாக ஏதோ பிடித்திருந்தது.

"கறள்! வெள்ளவத்தைக் கடல்காத்து கதவுப் பிணைச்சலையே தின்னுது. இதை விடுமே?"

மறுநாள் ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு ரொறன்ரோவில் இருந்து மாப்பிள்ளை வாகீசன் கமராவில் பெண் பார்க்கிறார். நாலரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வேலை. அடுத்த ஞாயிறு அவருக்குக் கல்கிசையில் வேறொரு பெண் ஏற்பாடாகி இருப்பதாகப் புறோக்கர் ஏற்கெனவே மிரட்டியிருந்தார்.

போன மாதச் சுற்றிவளைப்பில் கௌரியைப் பொலிஸ் நிலையத்தில் ஒன்பது மணித்தியாலம் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கதிர்காமநாதனுக்கு நித்திரையில்லை. மகள் இந்த ஊரை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அந்தப் பயணம் இப்போது இரண்டு ஓட்டைகளில் மாட்டிக்கொண்டு நின்றது.

சட்டைப்பின்னை எடுத்துச் சுரண்டினார். மஞ்சள் தூள் கொஞ்சம் வந்தது. கூடவே உள்ளே நாக்குப்போல இருந்த பிளாஸ்ரிக் துண்டும் வந்தது. இரண்டாவது ஓட்டையில் இன்னும் கவனமாகச் சுரண்டினார். அதன் நாக்கும் வந்தது.

"நீங்கள் தொட்டது எது உருப்பட்டிருக்கு? அயன் பொக்ஸ் ஞாபகம் இருக்கோ?" என்றாள் மனைவி தவமணி, குசினியில் இருந்தபடி.

ரோசம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, அந்த ஓட்டைகளுக்குப் போகும் வயர்களைப் பிடித்து இழுத்தார். இழுக்கும்போது இலேசாக வந்தவை, திரும்பப் போகும்போது எங்கே போவது என்று சொல்லவில்லை. அகப்பட்ட இடத்தில் செருகி சுவிச்சைப் போட்டார். ஒரு சின்னப் புகை எழுந்தது. பிறகு கொம்பியூட்டர் எதுவும் பேசவில்லை.

காலி வீதிக் கடைக்காரர் ஷரீப் தொலைபேசியிலேயே கையை விரித்துவிட்டார்.

"அது பழைய மொடல், மாஸ்டர். கொட்டாஞ்சேனையில ஹியூபேட்டுக்கிட்டதான் அந்தச் சாமான் இருக்கும்."

முன்பக்கம் கழன்று, வயர்கள் வெளியே தொங்க, பெட்டியைப் பழைய சீலைத் துண்டால் மூடி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் எதையெல்லாம் மடியில் வைத்திருக்கக் கூடாதோ, அது அப்படியே அவர் மடியில் இருந்தது. சோதனைச்சாவடியில் துவக்கு முனை சீலையை விலக்கியபோதுதான் அவருக்கு அது விளங்கியது.

"மே மொகத்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டபடி ஆமிக்காரன் இரண்டடி பின்னால் போனான்.

"கொம்பியூட்டர், மஹத்தயா."

"வயர்?"

கதிர்காமநாதனுக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடம் ஓடி ஒளித்துக்கொண்டது. ஓட்டோக்காரர் அதற்கு முதலே ஓடிவிட்டார்.

இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார். பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பெட்டிக்குள் இருந்த ஒவ்வொன்றையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் வந்த பெரியவனிடம், "துவகே மகுல, மஹத்தயா," என்று மகளின் கலியாணத்தைச் சொல்லி அழுதுவிட்டார். அவன் சிரித்து, போகச் சொன்னான். பெட்டி ஒரு கையிலும் அதன் உள்ளுறுப்பெல்லாம் ஒரு ஷொப்பிங் பையிலுமாக அவர் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தார்.

ஹியூபேட் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், இது றிப்பெயார் இல்ல. போஸ்ட்மோர்ட்டம்."

"தம்பி, நாளைக்கு நாலு மணிக்குள்ள தராட்டி நானும் இதுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்."

அவருடைய முகத்தைப் பார்த்து அவன் மனமிரங்கினான். ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோயிலில் இருந்து நேராகக் கடைக்கு வந்து, எரிந்ததை மாற்றி, வேறு பெட்டி ஒன்றின் முன்பக்கத்தைக் கழற்றிப் பொருத்தினான். அது ரோஸ் நிறம். கதிர்காமநாதன் அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"அங்கிள், பழைய ஓட்டைக்குள்ள இருந்தது கறள் இல்ல. பசை மாதிரி ஏதோ காஞ்சிருக்கு."

"கடல்காத்துக் கறள் அப்பிடித்தான் தம்பி. உமக்குத் தெரியாது."

மூன்றே முக்காலுக்கு வீட்டில் கமராவைச் செருகினார். நீல வெளிச்சம் வந்தது. திரையில் இரண்டு நாள் தாடியும் கிறீசுமாக ஒரு கிழவர் தெரிந்தார். அது தான்தான் என்று கண்டதும் கதிர்காமநாதனுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது.

"ஒருத்தரும் தொடாதேங்கோ! கௌரி, சீலையைக் கட்டு!" என்று சத்தம் போட்டுவிட்டு முகம் வழிக்க ஓடினார்.

வேட்டியோடு திரும்பி வந்தபோது நாலு மணி. கமராவில் வெளிச்சம் இல்லை. வயரை அமத்தினார். கழற்றி மற்ற ஓட்டையில் செருகினார். "டப்" என்றொரு சத்தம் கேட்டது. திரை அணைந்தது. புகை இந்தமுறை சின்னதாக இல்லை.

மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. கௌரி எடுத்தாள்.

"உங்கட பக்கம் ஒண்டும் தெரியேல்லையாம் அப்பா. அவருக்கு வேலைக்கு நேரமாகுதாம். அடுத்த கிழமை... பார்ப்பமாம்."

அடுத்த கிழமை என்றால் கல்கிசை. கதிர்காமநாதன் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். தலையில் கையை வைத்துக்கொண்டு, "யார் தொட்டது? யார் இதைத் தொட்டது?" என்று அழுதார்.

தவமணி சுவாமி அறையில் இருந்து கையில் கிண்ணத்தோடு வந்தாள்.

"நல்ல காரியத்துக்கு முதல் சாமானுக்குப் பொட்டு வைக்காம விடேலுமே? அதுதான் வயரைக் கழட்டி ரெண்டு ஓட்டைக்கும் சந்தனம் வச்சிட்டுத் திரும்பச் செருகினனான். சரஸ்வதி பூசையண்டும் இப்பிடித்தானே உள்ளுக்குப் போக நிறைய அப்பினனான், அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லையே!"