மாமன் வராமல் பேச்சில்லை

பிராங்பேர்ட்.

அன்பின் மச்சான் கஜரூபனுக்கு, உமது அக்கா ஜெயமலரின் கணவன் ஸ்ரீதரன் எழுதுவது. நாங்கள் நலம். நீரும் மனைவி சிவகௌரியும் நலமாயிருக்க அம்பாள் துணை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உமது நம்பரைக் கோபத்தில் அழித்துவிட்டேன், ஜெயமலரிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது.

விஷயம் மகள் நிருஷாவின் கல்யாணம். பெடியன் கஹிசோ, அவளோடு வங்கியில் வேலை, போட்ஸ்வானா நாட்டுக்காரன், தங்கமான பிள்ளை. வருகிற சனிக்கிழமை அவனுடைய மாமாமார் பெண் கேட்டு வருகிறார்கள். அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசினால்தான் மரியாதை என்று செட்ஸ்வானா படிக்கத் தொடங்கினேன். அந்த நாட்டைவிடத் தென்னாபிரிக்காவில்தான் அதைப் பேசுகிறவர்கள் அதிகமாம். மொழி என்றால் செட்ஸ்வானா, ஒருவர் என்றால் மொட்ஸ்வானா, பலர் என்றால் பட்ஸ்வானா. வால் அப்படியே இருக்கத் தலை மட்டும் மாறும். இது தெரியாமல் நான் கஹிசோவை "நல்ல செட்ஸ்வானா" என்று பாராட்டி, பிள்ளையை ஒரு பாஷையாக்கிவிட்டேன். வணக்கத்துக்கு ஆணென்றால் 'துமேலா ரா', பெண்ணென்றால் 'துமேலா மா'. பழக வேண்டுமே என்று எஸ்-பான் ரயிலில் பக்கத்தில் இருந்த ஓர் ஆபிரிக்கருக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் "நான் பக்கத்து ஊர் ஒஃபன்பாக் ஆள்" என்று டொச் பாஷையில் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

நேற்று வீடியோவில் கஹிசோவின் மாமா வந்தார். 'ஓ ட்சொஹிலே ஜங்' என்றேன், எப்படி எழும்பினீர்கள் என்று காலையில் நலம் கேட்பது. மனுசன் பூரித்துப்போய், நன்றாக எழும்பினேன் என்று 'கே ட்சொஹிலே சென்ட்லே' சொன்னார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்து அவர் ஆங்கிலத்தில் கேட்டது: "பெண்ணின் தாய்மாமன் எங்கே?" அவர்கள் குடும்ப வழக்கத்தில் பேச்சு முழுக்கத் தாய்மாமனுடையதாம். தகப்பன் வாய் திறக்கக் கூடாதாம். மாமன் வராமல் பேச்சில்லை என்று முடித்துவிட்டார். நான் இவ்வளவு படித்தது வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். "அப்பா, உங்கட கோவத்துக்கு நானோ பலி?" என்று கேட்டுவிட்டு நிருஷா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, கார் நிறுத்துமிடத்தில் நின்ற ஜெர்மன்காரரோடு நான் பேசிய டொச்சை எல்லோருக்கும் முன்னால் திருத்தினீர். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. என்றாலும் சனிக்கிழமை வாரும். உமக்கு அதிகம் தெரிய வேண்டாம். 'ஏ' என்றால் ஓம். 'ஞா' என்றால் இல்லை. அதை நீர் படிக்கவே வேண்டாம். நன்றிக்கு 'கே அ லெபொஹா'.

வாழ்த்தும்போது அவர்கள் 'புலா' என்பார்கள், மழை என்று அர்த்தம். அது இங்கே ஜன்னலுக்கு வெளியே தாராளமாகப் பெய்துகொண்டிருக்கிறது. உமக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து, புலா!

உமது அத்தான்,
ஸ்ரீதரன்

பி.கு.: முத்திரை ஒட்டும்போது ஜெயமலர் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "தம்பி வாறதுக்கு எப்பவோ ரிக்கற் எடுத்திட்டான். கஹிசோ முதல் போய்க் கேட்டதே அவனிட்டைத்தான். அவன் உங்களைவிட நல்லாச் செட்ஸ்வானா பேசுறான். நீங்களாக் கூப்பிடவேணும் எண்டுதான் நாங்கள் எல்லாரும் வாய் திறக்கேல்லை" என்கிறாள். நிருஷா கதவைச் சாத்தியதும் நடிப்பாம். ஆகவே மேலே எழுதிய பாடத்தை விட்டுவிடும். மன்னிக்கவில்லை என்ற வரியையும் அடித்ததாக வைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமையே வாரும். அந்த 'ட்சொஹிலே' எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. திருத்திவிடும், எல்லோருக்கும் முன்னால் என்றாலும் பரவாயில்லை.