ஐஸ் நானாவின் தலைக்குள் ஒன்றுமில்லை

கற்பிட்டியில் தலைக்குள் ஒன்றுமே இல்லாத ஒரே மனிதர் ஐஸ் நானாதான். திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பலபேர் முன்னிலையில் அவரே கொடுத்த வாக்குமூலம் இது. கண்ணை மூடினால் நமக்கெல்லாம் வீடு, வாசல், பிடிக்காத சொந்தக்காரர் என்று ஏதாவது படம் வரும், அவருக்கு வராது. நமக்குள் ஒரு வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கும். அவருக்குள் அதுவும் இல்லை. மீன்வாடிகளுக்கு லொறியில் ஐஸ்கட்டி கொண்டுபோகிறவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய உம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

கடலோர ஹோட்டல் ஒன்றுக்கு ஐஸ் இறக்கப் போன இடத்தில்தான் விஷயம் முதலில் வெளியே வந்தது. அங்கே யோகா படிப்பிக்கிற வெள்ளைக்கார அம்மா வேலையாட்களைப் பாயில் இருத்தி, கண்ணை மூடி, அமைதியான ஒரு கடலை மனதில் காணச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒதுங்கி நின்ற நானாவையும் மனேஜர் இழுத்து இருத்திவிட்டார்.

"கண்ணத் தொறந்தா கடல் இந்தா கிடக்கு. மூடிட்டு என்னத்துக்குத் தேடுற?" என்றார் நானா.

மனேஜர் அதை மொழிபெயர்க்க, அந்த அம்மா கிட்ட வந்து, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"இருட்டு."

"என்ன கேட்கிறது?"

"குசினியில ஃபிரிட்ஜ் சத்தம்."

"அது வெளியே. மனதுக்குள்?"

"அங்க ஒருத்தரும் இல்லயே."

வருஷக்கணக்காகத் தான் தேடி அலைந்ததை ஐஸ் இறக்க வந்த ஆள் சும்மா வைத்திருக்கிறாரே என்று அந்த அம்மா உருகிப்போய், குனிந்து அவரைக் கும்பிட்டாராம். நானா "அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்று பதறி எழும்பி லொறியோடு ஓடியதில் பாதி ஐஸ் இறங்கவே இல்லை.

பள்ளிவாசலில் வேறு மாதிரியான பொறாமை. தொழுகையில் நின்றால் நம்மவர்களுக்கு வெங்காய விலையிலிருந்து பகல் சோறுவரை மனதில் ஓடும். நானாவுக்கு ஒன்றும் ஓடாது என்று கேள்விப்பட்டு, மௌலவியே ஒருநாள் பக்கத்தில் வந்து, "அது எப்படி மகன்?" என்று ரகசியமாய்க் கேட்டாராம்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், என் ராத்தாவைப் பெண்பார்க்க அவர் எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் அவ்வளவு கண்ணீர் சிந்தியிருக்காது.

ராத்தா எனக்கு மூத்தவள். நிறம் போதாது என்று ஒரு மாப்பிள்ளை வீடும், கன்னத்தில் அம்மைத் தழும்பு என்று இன்னொரு வீடும் அவளை வேண்டாமென்றிருந்தன. ஐஸ் நானா வந்தார், வட்டிலப்பம் சாப்பிட்டார், அவளை நிமிர்ந்து பார்த்தார், போனார். "இந்த ஆள் என்ட தழும்பப் பார்க்கல்லடி, என்னப் பார்த்தார்" என்று ராத்தா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாய்த் திரிந்தாள்.

அங்கே அவருடைய வீட்டில் உம்மாவும் சகோதரிகளும் அவரைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள்.

"பொண்ணு எப்படி?"

"நல்லம்."

"நிறம்?"

"ஞாபகமில்ல."

"முகம் வட்டமா, நீட்டா?"

"கண், மூக்கு எல்லாம் இருந்திச்சு."

மறுநாளே கதை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது: மாப்பிள்ளைக்குப் பெண்ணின் முகமே ஞாபகமில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லொறியை ஐஸோடு கடலில் தள்ளியிருப்பேன். ராத்தா ஒரு வாய் சோறு தின்னவில்லை. "என்ட முகத்துல ஞாபகம் வைக்க என்னடி ஈக்குது?" என்று கேட்டாள்.

பின்னேரம் லொறியோடு அவரே வந்து முற்றத்தில் நின்றார். வாப்பா பாய்ந்தார்.

"தம்பி, எங்கட புள்ளட முகம் மறந்துபோற முகமா?"

"வாசலத் தாண்டினா உங்கட முகமும் எனக்கு வராது மாமா. எங்கட உம்மாட முகமும் அப்படித்தான். நேர்ல கண்டா டக்கெண்டு தெரியும். கண்ண மூடினா ஒருத்தரும் இல்ல."

வாப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "திரும்பாம சொல்லுங்க, உங்கட லொறி என்ன நிறம்?" என்றேன்.

"நீலம்."

"மனசுல காணாம எப்படித் தெரியும்?"

"நான்தானே பெயின்ட் அடிச்ச."

"அத விடுங்க" என்றார் வாப்பா. "புள்ளையப் புடிச்சதா, இல்லயா?"

"இருங்க மாமா, வாயால சொல்லிப் பார்த்தாத்தான் எனக்கே விளங்கும்" என்று உரக்க யோசிக்கத் தொடங்கினார். "அவங்க தட்டக் கொண்டுவந்தாங்க. வட்டிலப்பம் ஒரு துண்டு சரிஞ்சிச்சு. சிரிப்ப அடக்கினாங்க. எனக்கு எழும்ப மனம் வரல்ல. வீட்ட போய்க் கண்ண மூடினேன். இல்ல. வேற ஆக்கள் வராட்டி எனக்கு ஒரு கவலையுமில்ல. இவங்க இல்லாதது ஒரு மாதிரி இருந்திச்சு. திருப்பித் திருப்பி மூடிப் பார்த்தேன். அப்ப... அப்பப் புடிச்சிருக்குப் போல மாமா!"

செய்தி அவருக்கே அப்போதுதான் கிடைத்ததுபோல் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம். கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா, வாப்பாவின் அனுமதிக்குக்கூடக் காத்திராமல் வெளியே வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"இந்தா, பார்த்துக்கொள்ளுங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லொறியிலிருந்த ஐஸ் உருகி வாசல் தாண்டி ஒழுங்கை முழுக்க ஓடியது.

கல்யாணம் முடிந்து இத்தனை காலமாகியும், பகலில் ஐஸ் பிந்துகிறது என்று மீன்வாடிக்காரர்கள் இன்றைக்கும் ஏசுகிறார்கள். பிந்தாமல் என்ன செய்யும்? நடுவழியில் வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்று ராத்தாவைப் பார்த்துவிட்டுத்தான் மச்சான் போவார்.

"காலயிலதானே பார்த்தீங்க?" என்பாள் ராத்தா.

"அது இப்ப இல்லயே" என்பார் அவர்.

என் வீட்டுக்காரர், என் முகம் தன் நெஞ்சில் பதிந்திருக்கிறது என்பார். அதனாலோ என்னவோ போனிலிருந்து நிமிர்வதேயில்லை. இரண்டு வீட்டார் வேண்டாமென்ற முகத்தைப் பார்க்க மச்சான் தினமும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். யா அல்லாஹ், அந்தத் தலைக்குள் ஒரு படமும் வந்துவிட வேண்டாம்.