சுடுதண்ணி அண்ணை

யூரோக் காசு வந்த புதிது. ஒரு ஞாயிறு மதியம் ஒன்று பத்துக்கு, டோட்முண்ட் உணவகம் ஒன்றில், என் மகள் மதுராவின் பதினெட்டாவது பிறந்தநாள் கெட்டுப்போகத் தொடங்கியது. அந்த நிமிடம்தான் சுடுதண்ணி அண்ணை வாயைத் திறந்தார்.

ஜெர்மனியில் உணவகத்துக்குப் போய் வெறும் சுடுதண்ணீர் கேட்கத் துணிந்த ஒரே மனிதர் அவர். சுரங்க வேலைக்கு வந்து, பிறகு தன் நாட்டுப் பரம்பரை வைத்தியம் பார்த்த கொரியப் பெரியவர் ஒருவர் சூடு, குளிர் பார்த்துச் சாப்பிடவைத்தே அண்ணையின் வயிற்றுப்புண்ணைக் குணமாக்கிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருடைய வயிறும் அண்ணையின் பொறுப்பு. கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் கடுகுச் சாந்து வரும்வரை பன்றியிறைச்சியை ஒருவரும் தொடக்கூடாது.

"பன்றி குளிர், கடுகு சூடு. சோடி சேராமல் உள்ளுக்கு அனுப்பாதேங்கோ!"

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கோலாவிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கரண்டியால் பொறுக்கி எடுத்தார். மணவறையில் வைத்து!

அவரைக் கூப்பிடாதே என்று எல்லோரும் சொன்னார்கள். கூப்பிட்டேன். இன்றும் கூப்பிடுவேன். மதுரா மாதக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த தயிரிலும் கோலாவிலும் உயிர் வாழ்ந்தாள். ஒன்றுமில்லை என்றார் டொக்டர். தாய்க்கு அது போதுமா? அன்று அவள் ஒரு தட்டு முழுதாகச் சாப்பிட வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அண்ணை அவள் உள்ளங்கையைத் தொட்டார். "ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு. முதல் வயித்தைச் சூடாக்கு, பிள்ளை."

"மாமா, பிளீஸ்! எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். வயிறு உன்ரையெல்லோ?"

சுடுதண்ணீர் மெனுவில் இல்லை என்றார் பரிமாறுபவர். அண்ணை ஜெர்மன் மொழியில் கேட்டார்: "தேநீர் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அதையே தேயிலை போடாமல் கொண்டுவாருங்கள்."

"அதற்குக் கணினியில் பொத்தான் இல்லை."

"உங்கள் அடுப்புக்குமா பொத்தான் இல்லை?"

பரிமாறுபவர் முகம் சிவந்து உள்ளே போனார். மதுரா ஜாக்கெட்டை எடுத்தாள். "நான் போறன், அம்மா."

"தண்ணி வரும்வரை ஒருத்தரும் சாப்பிடேலாது," என்று அண்ணை கையைக் கட்டினார். எங்கிருந்து துணிவு வந்ததோ, நானும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கட்டினேன்.

குசினிக் கதவு திறந்தது. முதலாளிதான் வருகிறார் என்று நினைத்தேன். ஆவி பறக்கும் பெரிய சட்டியோடு வந்தவர் சமையல்காரர், எங்கள் ஊர்க்காரர்.

"அண்ணை, நீங்கள்தான் எண்டு நினைச்சன். இந்த நாட்டிலை வேற ஆர் இதைக் கேக்கிறது?"

மதுரா வாய்விட்டுச் சிரித்தாள். ஜாக்கெட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, கோப்பையை நீட்டினாள்.

அவர் ஊற்றினார். "சூப்பும் வைச்சிருக்கிறன், பிள்ளை. அகதி முகாமிலை நான் சாப்பிடாமல் கிடக்கேக்கை பக்கத்திலை இருந்து சோறு தீத்தினவர் இவர். அப்பவும் இதே கரைச்சல்தான். வடிவாச் சாப்பிடு."