பம்புக்குள் போன தேங்காய் மூடி

என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்வார்கள். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் காயவைத்து, சுவிட்சைப் போட்டதும் வருகிற அந்த முதல் உறுமலைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். (இதை எழுதி முடிக்க எத்தனை நாளானது என்று கேட்காதீர்கள்.) ஆனால் மோட்டார் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் கோவையில் மோட்டாருக்குக் கம்பி கட்டும் எங்கள் காயில் பட்டறைக்கு வேலை தேடி வரும். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருவார். காயில் கட்டுவது நான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில், ஊர்க் கழிவுநீரெல்லாம் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய பம்பின் மோட்டார் எரிந்துவிட்டது. இன்னொரு பம்பை முன்பே கழற்றிப் போட்டிருந்தார்கள். தண்ணீரை இறைக்க வழியில்லாமல் பள்ளத்துத் தெருக்களில் சாக்கடை மூடிகள் கொப்பளிக்க ஆரம்பித்தன. இருப்பதிலேயே பள்ளம் எங்கள் தெரு.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்வியைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருவதாக இருந்தது. தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளினால் சகுனம் சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். வாசலிலோ கணுக்கால் அளவுக்கு ஊர்த் தண்ணீர் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரை அதில் நடக்கவைத்தா கூட்டிவருவது?

நிலையத்து இன்ஜினியர், சின்ன வயசுப் பையன், மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்தார். ராப்பகலாக உட்கார்ந்து கட்டினேன். ஞாயிறு காலையில் மோட்டார் தயார். கொடுத்தனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்திருக்கலாம்.

"நீ போயே ஆகோணுமாம்மா? சாயந்தரம் அவங்க வந்துருவாங்க" என்றாள் செல்வி.

"என்ற மோட்டார நாந்தான் ஓட்டிக் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு, பையில் கற்பூரம், குங்குமம், ஒரு தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு டெம்போவில் ஏறினேன். பூஜை போடாமல் எங்கள் பட்டறை மோட்டார் எதுவும் ஓடியதில்லை.

அங்கே மோட்டார் மேல்தளத்தில் நிற்கும். பம்பு கீழே, படி இறங்கிப் போகவேண்டும். பக்கத்தில் கழிவுநீர் வந்து விழும் பெரிய கிணறு. குப்பையைத் தடுக்கும் கம்பிச் சட்டத்தை அன்றைக்குச் சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்தார்கள். மோட்டாரைப் பொருத்தியதும் இன்ஜினியர் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு தவித்தார். நான் நிதானமாக மோட்டாருக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைக்க இடம் தேடினேன். எங்கு பார்த்தாலும் சேறு. கிணற்றின் சிமெண்ட் விளிம்பு ஒன்றுதான் சுத்தமாகத் தெரிந்தது.

பம்பு ஓட்டும் மாரப்பன், "அங்க வேண்டாமுங்கம்மா, வழுக்கும்" என்றான்.

எனக்கா தேங்காய் உடைக்கச் சொல்லித்தர வேண்டும்? ஒரே போடு. சரிபாதியாக உடைந்தது. ஒரு மூடி என் கையில். இன்னொன்று கிணற்றுக்குள் குட்டிப் பரிசல் மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

மாரப்பன் கொக்கிக் கம்பு எடுக்க ஓடினான். நல்ல நேரம் முடியப்போகிறது, ஊர்க் குப்பையெல்லாம் போகிற பம்பை ஒரு மூடி என்ன செய்துவிடும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். இன்ஜினியர் சுவிட்சைப் போட்டார். உறுமல் கேட்டது. ஆகா என்று நிமிர்ந்தேன். கிணற்றில் மூடி இரண்டு சுற்றுச் சுற்றியது, அப்புறம் காணோம். கீழே கடகடவென்று ஒரு சத்தம். மோட்டார் முனகியது. மாரப்பன் பாய்ந்து வந்து அணைத்திராவிட்டால் என் புதுக் காயிலும் கரியாகியிருக்கும்.

வால்வை அடைத்து, பம்பின் வயிற்றில் கை விடுவதற்கென்று இருந்த சின்ன இரும்புத் தகட்டைக் கழற்றினார்கள். மாரப்பன் கையை உள்ளே விட்டான். பருத்த கை, பாதி தூரத்துக்குமேல் போகவில்லை. வெளியே எடுத்தபோது முழங்கைவரை கறுப்பு, மணிக்கட்டில் சிராய்ப்பு. வாளித் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடியும் விடப்போனான்.

வளையல்களை மேலே தள்ளினேன். "நகருப்பா."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா இது? எங்க கை தெனமும் போற எடந்தானுங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னான். இந்த நிலையத்து மோட்டார்களுக்கு அதற்குமுன்பும் காயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவை இறைக்கிற தண்ணீருக்குள் யார் கை போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

காயில் கட்டுகிறவள் கை இடுக்கில் நுழையும். தோள்வரை விட்டேன். எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். நீங்கள் இதைச் சாப்பிட்டுக்கொண்டே படித்துக்கொண்டிருக்கலாம். சில்லு சில்லாக அந்த மூடி வந்தது. என் கண்ணாடி வளையல் ஒன்று உள்ளேயே போய்விட்டது. பம்பு ஓடியது.

வீட்டுக்கு வந்து, சீயக்காய், மஞ்சள், துணி சோப்பு என்று மாற்றி மாற்றிக் குளித்தேன். தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. பிளீச்சிங் பவுடர் தூவிக் கோலமும் போட்டாயிற்று. காங்கேயத்தார் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், செல்வியைப் பிடித்துப்போயிற்று என்பது முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சமையலறைக்குள் வந்தார். எண்ணெய் மில்காரர் கண் வேறெதில் படும்? அலமாரியில் குங்குமத்தோடு இருந்த ஒற்றை மூடியைப் பார்த்துவிட்டார்.

"சாமிக்கு ஒடச்ச காயாட்ட இருக்குது. இன்னொரு மூடி எங்கீங்க?"

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். செல்வி அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் மாரப்பன் ஒளிக்காத கையை நான் எப்படி முந்தானைக்குள் ஒளிப்பது? நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தம்மா என் வலதுகையைப் பிடித்து முகர்ந்தே பார்த்துவிட்டார். செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொப்பரை நாத்தமும் லேசுல போகாதுங்க அம்மணி. கண்ணாலமாகி வந்த புதுசுல எனக்குச் சோறே எறங்கல" என்றார். பிறகு, "தண்ணி ஏறுச்சுங்களா?"

"ஏறிப்போச்சுங்க."

"அப்பறமென்னங்க" என்றவர், அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் அங்கேயே நின்று சிரித்துத் தீர்த்தார்.

தை மாசம் கல்யாணம். அன்றிலிருந்து ஆயுத பூஜைக்குக் காங்கேயத்திலிருந்து தேங்காய் வந்துவிடும். முழுத் தேங்காய் இல்லை. உடைத்து, இரண்டு மூடியையும் சேர்த்துத் துணியில் கட்டி வரும். "ஒடைக்கற வேலைய அம்மாவே முடிச்சுட்டாங்க அத்தை" என்று மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பே இல்லாமல் நீட்டுவார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் வாங்கி மோட்டார்களுக்கு முன்னால் வைப்பேன்.

பூஜை முடிந்ததும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு மாரப்பன் வீட்டுக்கு நானே போவேன். அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வருஷா வருஷம் அதையேதான் கேட்பான்.

"இந்தத் தடவ ரெண்டு மூடியும் தப்பிச்சுருச்சுங்களாம்மா?"